ஒரு ஜோக்குக்கு எவ்வளவு ஆயுள்?

2014-ல் ஜஸ்டின் மெக்கெல்ராய் என்ற அமெரிக்கர் தன் அப்பாவோடும் இரண்டு தம்பிகளோடும் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட ஆரம்பித்தார். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஆட்டத்தின் முதல் வேலை. ஜஸ்டின் எடுத்துக்கொண்டது எல்ஃப் இனத்து மந்திரவாதி. அவனுக்கு வைத்த பெயர் டாக்கோ. ஆமாம், மெக்சிகோக்காரர்கள் மடித்துச் சாப்பிடும் அதே டாக்கோதான். அவன் உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாத அந்தப் பண்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவனுடைய வாழ்நாள் லட்சியம். குடும்பமே சிரிக்கிறது, ஆட்டம் அடுத்த ஆளிடம் போகிறது.

பொதுவாக ஒரு ஜோக்கின் ஆயுள் அவ்வளவுதான். இந்த ஜோக் மூன்று வருடம் உயிரோடு இருந்தது. 2017-ல், பாட்காஸ்ட்டாக ஒலித்த அந்த ஆட்டத்தின் கதை முடிந்தபோது, அதே சமையல் ஜோக் வேறு ஒன்றாக வளர்ந்து நின்று என்னை அழவைத்தது.

காமெடி பாட்காஸ்ட்களும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஃபேன்டஸி ரோல்பிளேயிங் விளையாட்டுகளும் எனக்கு உயிர். இவை இரண்டும் சேரும் இடத்தில் நடப்பது வேறெங்கும் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்: இந்த நிகழ்ச்சிகளில் சும்மா சொன்ன ஒரு ஜோக்கை யாரும் தூக்கிப் போடுவதில்லை. எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கதை அதன் மேல் எழும்புகிறது.

நம் சினிமாவில் 80களிலும் 90களிலும் காமெடி ட்ராக் என்று தனியாக எடுத்தார்கள். ஹீரோவின் கதை ஒரு பக்கம் ஓடும், காமெடி ஒரு பக்கம் ஓடும். பல படங்களில் காமெடியை அப்படியே வெட்டி எடுத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் அந்தக் காட்சிகள் இன்றும் டிவியில் தனித்தனியாக ஓடுகின்றன. நான் சொல்லும் பாட்காஸ்ட்களில் அப்படி வெட்டவே முடியாது. ஜோக்கை எடுத்தால் கதையே கையோடு வந்துவிடும்.

ஆட்டம் எப்படி நடக்கும்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து முதலில் 1,000 பிரதிகள் அச்சாகி வெளிவந்தன. மேஜை மேல் பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் ஆடிக்கொண்டிருந்தவர்கள், முழுப் படையை விட்டுவிட்டு ஒரே ஒரு வீரனாக ஆடிப் பார்த்ததில் பிறந்த விளையாட்டு இது.

ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகத்தை வர்ணிப்பது அவர். கடைக்காரர், காவலாளி, அரக்கன், ராணி என்று வழியில் வரும் அத்தனை பேராகவும் பேசுவதும் அவர்தான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். டிஎம் சூழலைச் சொல்லிவிட்டு, "நீ என்ன செய்யறே?" என்று கேட்பார். பதிலுக்கு எல்லை கிடையாது. சண்டை போடலாம், ஓடலாம், பாடலாம், அரக்கனிடம் வழி கேட்கலாம். முடியுமா முடியாதா என்பது சந்தேகமாக இருந்தால் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்கு உரிய எண்ணைக் கூட்டி, டிஎம் மனதில் வைத்த எண்ணைத் தொட்டால் காரியம் நடக்கும். ஜெயிப்பது, தோற்பது என்று எதுவும் இல்லை. கதை இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பகடையில் 20 விழ வாய்ப்பு 5 சதவீதம். 1 விழவும் அதே 5 சதவீதம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காமெடி பிறப்பது இங்கேதான்.

மெக்கெல்ராய் குடும்பம்

ஜஸ்டின், டிராவிஸ், கிரிஃபின் என்று மூன்று சகோதரர்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஹண்டிங்டன்காரர்கள். அப்பா கிளின்ட் அந்த ஊர் வானொலியில் பல பத்தாண்டுகள் அறிவிப்பாளராக இருந்தவர். சகோதரர்கள் 2010-ல் 'மை பிரதர், மை பிரதர் அண்ட் மீ' என்ற பாட்காஸ்ட்டைத் தொடங்கினார்கள். ஆலோசனை நிகழ்ச்சி என்று பெயர். நேயர்கள் அனுப்பும் கேள்விகளையும், யாஹூ ஆன்சர்ஸ் தளத்தில் முகம் தெரியாத யாரோ கேட்டு வைத்த விநோதக் கேள்விகளையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பேசுவார்கள். யாஹூ ஆன்சர்ஸ் 2021-ல் மூடப்பட்டது. நிகழ்ச்சி தொடர்ந்தது.

எந்தக் கேள்வியும் அங்கே நேர்வழியில் பதிலை அடையாது. ஒருவர் ஒரு கற்பனையை எடுத்துப் போடுவார். இன்னொருவர் அதற்கு ஒரு கடை வைத்துக் கொடுப்பார். மூன்றாமவர் அந்தக் கடைக்கு ஒரு முதலாளியைப் பிடித்து வருவார். "அதெல்லாம் நடக்காது" என்று சொல்லி யாரும் யாருடைய கற்பனையையும் கலைப்பதில்லை. எழுதிவைத்த வசனம் இல்லாமல் நடிக்கும் மேடை இம்ப்ரோவ் கலைஞர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமும் இதுதான்: எதிரில் இருப்பவர் கொடுத்ததை வாங்கிக்கொள், அதன் மேல் ஒன்றை வை. ஒன்றாக வளர்ந்த சகோதரர்களுக்கு அது இயல்பாக வருகிறது.

ஜோக்குக்கு ஆயுள் தரும் பழக்கமும் அங்கேயே தொடங்கிவிட்டது. எல்லா மதத்தவரும் சேர்ந்து கொண்டாட ஒரு குளிர்காலப் பண்டிகை இருக்கட்டும் என்று விளையாட்டாக ஒன்றைப் படைத்து அதற்குக் 'கேண்டில்நைட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அது பிறகு பல ஆண்டுகள் ஹண்டிங்டனில் நடந்த மேடை நிகழ்ச்சி ஆனது. அதில் திரண்ட பணம் அந்த ஊரில் வீடில்லாதவர்களுக்காக வேலை செய்யும் ஹார்மனி ஹவுஸ் என்ற அமைப்புக்குப் போனது. மைக் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்று, யாரோ ஒருவர் குளிரில் படுக்காமல் இருக்கக் காரணமானது. இதைவிட நீண்ட ஆயுள் ஒரு ஜோக்குக்கு வேண்டுமா?

2014 ஆகஸ்டில் ஜஸ்டினுக்குக் குழந்தை பிறந்தது. அவர் விடுப்பில் இருக்கும் வாரத்துக்காக முன்கூட்டியே ஒரு சிறப்பு எபிசோட் பதிவு செய்து வைத்தார்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினார்கள். ஐந்தாம் பதிப்பு அப்போதுதான் வந்திருந்தது. புதியவர்களுக்கான அறிமுகப் பெட்டியில் இருந்த தயார்க் கதையையே எடுத்துக்கொண்டார்கள். கிரிஃபின் டிஎம். டிராவிஸ் மாக்னஸ் என்ற போர்வீரன். கிளின்ட் மெர்ல் என்ற குள்ளர் இனத்துப் பூசாரி. ஜஸ்டின் நம் டாக்கோ. நேயர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 'தி அட்வென்ச்சர் ஸோன்' தனி பாட்காஸ்ட் ஆகிவிட்டது. 'பேலன்ஸ்' என்று ரசிகர்கள் அழைக்கும் அதன் முதல் பெருங்கதை 69 எபிசோட்கள் ஓடி 2017 ஆகஸ்டில் முடிந்தது.

பகடைதான் பெரிய காமெடியன்

முதல் எபிசோட்களிலேயே ஒரு காட்சி. குகைக்குள் கிளார்க் என்ற முரட்டு அரக்கன். அறிமுகப் பெட்டிக் கதையில் அவன் ஆரம்பநிலை ஆட்டக்காரர்கள் சண்டை போட்டுப் பழக வைக்கப்பட்ட எதிரி. உலகம் முழுக்க எத்தனையோ மேஜைகளில் அவன் வெட்டுப்பட்டுச் செத்திருப்பான். டாக்கோ அவன் மீது ஒரு வசிய மந்திரத்தைப் போடுகிறான். மந்திரம் பலிக்கிறது. அடுத்த கணம் கிளார்க் இவர்களை ஆருயிர் நண்பர்களாக நினைத்து உபசரிக்க ஆரம்பிக்கிறான். டீ போட்டுக் கொடுக்கிறான்!

இதை எழுத்தாளர் ஒருவர் அறையில் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது. கிரிஃபினுக்கும் அந்தக் கணம் வரை தெரியாது என்பதில்தான் சுகம். சண்டைக்குத் தயாராக வந்த டிஎம், ஒரு நொடியில் அன்பான அரக்கனின் குரலைக் கண்டுபிடித்தாக வேண்டும். அவர் தடுமாறுவது கேட்கிறது. அண்ணன்கள் அதைக் கேட்டு உற்சாகமாவது கேட்கிறது. அப்பா ஓரமாகச் சிரிப்பதும் கேட்கிறது.

மேடையில் தனியாக நின்று காமெடி செய்பவர் சிரிப்பு வரும் இடத்தை முன்பே அளந்து வைத்திருப்பார். பகடை இருக்கும் மேஜையில் அந்த அளவு யார் கையிலும் இல்லை. பெரிய வசனம் பேசி, வாளை ஓங்கி, கதவை உடைக்க ஓடும் வீரனுக்கு 1 விழும். ஒன்றுக்கும் ஆகாத ஒரு யோசனையை மூலையிலிருந்து யாரோ முனகினால் அதற்கு 20 விழும். கதை அந்த முனகலின் பக்கம் திரும்பியே ஆக வேண்டும். பகடை சொன்னதை மதிப்பது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் ஜோக் யாருடைய சொத்தும் இல்லை. எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் கிடைக்கிறது, காதில் இயர்போன் மாட்டிக் கேட்கும் நமக்கும் சேர்த்து.

தூக்கிப் போடாத ஜோக்குகள்

இனி 'பேலன்ஸ்' கதையின் முக்கியமான முடிச்சுகளைச் சொல்லப் போகிறேன். கேட்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி, மினிவேன் பகுதிக்குப் போய்விடுங்கள்.

முதல் கதையில் பாரி புளூஜீன்ஸ் என்று ஒருவர் வருகிறார். நீல ஜீன்ஸ் பேன்ட்தான் அவருடைய குடும்பப் பெயர். வாளும் மந்திரமும் உள்ள உலகத்தில் இப்படி ஒரு பெயர் என்பதே சிரிப்பு. சீக்கிரமே செத்தும் போகிறார். வேறு எந்தக் கதையாக இருந்தாலும் பாரி அதோடு முடிந்திருப்பார். இங்கே அவர் திரும்ப வருகிறார். அந்த உலகத்தின் மிகப் பெரிய ரகசியத்தைச் சுமந்துகொண்டு இத்தனை நாளும் அலைந்தவர் அவர் என்று தெரியும்போது, ஜீன்ஸ் பேன்ட் பெயரைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது.

டாக்கோவின் கதை இன்னும் ஆழமானது. டாக்கோவைக் கண்டுபிடிப்பேன் என்று சொன்னவன் சமையல் தெரிந்தவனாகத்தானே இருக்க வேண்டும்? அந்தக் கேள்வியை கிரிஃபினும் ஜஸ்டினும் மெல்ல வளர்த்தார்கள். டாக்கோ ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் மேடையில் சமைத்துக் காட்டும் கலைஞனாக இருந்தான். ஒரு ஊரில் அவன் சமையலைச் சாப்பிட்டவர்கள் செத்துப் போனார்கள். தன் மந்திரத்தில் ஏதோ பிசகிவிட்டது என்று நம்பி அங்கிருந்து ஓடியவன், அதன்பின் யாருக்கும் சமைக்கவில்லை. உணவில் விஷம் வைத்தது பொறாமை பிடித்த உதவியாளன் என்பது பல வருடம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிகிறது. இத்தனை காலம் அவன் அலட்சியமும் கிண்டலுமாகப் பேசியது எதை மறைக்க என்று அப்போது நமக்கும் புரிகிறது.

அதற்கும் மேலே ஒன்று. அவனுக்கு ஒரு இரட்டைச் சகோதரி இருந்தாள். லூப் என்று பெயர். அவள் இருந்தாள் என்ற நினைவே அவனிடமிருந்து அழிக்கப்பட்டிருந்தது. அவளைக் காதலித்தவர்தான் பாரி புளூஜீன்ஸ். முதல் வாரம் சிரிப்புக்காக வைத்த இரண்டு பெயர்கள், மூன்றாவது வருடம் ஒரே குடும்பத்தின் துயரமாகவும் மீட்சியாகவும் சேர்கின்றன. முதல் நாளே போட்டுவைத்த திட்டம் கிடையாது இது. மேஜையில் விழுந்த ஒவ்வொரு துணுக்கையும் மரியாதையோடு பொறுக்கி எடுத்ததால் கிடைத்த கதை.

நேயர்கள் போட்ட துணுக்குகளும் அதில் உண்டு. கதாநாயகர்கள் தங்கும் தளத்தில் 'ஃபேன்டஸி காஸ்ட்கோ' என்று ஒரு கடை. அங்கே விற்கும் மாயப் பொருள்கள் பலவற்றை யோசித்து அனுப்பியவர்கள் கேட்பவர்கள்தான். நிகழ்ச்சியைப் பற்றி ட்விட்டரில் எழுதியவர்களின் பெயர்களைத் துணைப் பாத்திரங்களுக்கு வைத்தார் கிரிஃபின். எங்கோ பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் பெயர் உலகைக் காக்கும் போரில் வீராங்கனையின் பெயராகிறது. ரசிகர்களாக இருப்பதற்கு இப்படி ஒரு மரியாதையை வேறு எந்தக் கலை கொடுத்திருக்கிறது?

2018-ல் முதல் கதை கேரி பீட்ச் வரைந்த கிராஃபிக் நாவலாக வந்தது. நியூயார்க் டைம்ஸ் பேப்பர்பேக் புனைவுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. நாலு பேர் ஆடிய ஆட்டத்தை எழுதிவைத்த புத்தகம் அங்கே போய் நின்றபோது எனக்கு ஏதோ எங்கள் வீட்டுப் பிள்ளை முதல் மார்க் வாங்கிய சந்தோஷம்.

காதுக்கு மட்டும் கிடைக்கும் ஒன்று

பாட்காஸ்ட்டாக இருப்பதன் பலனை இவர்கள் பயன்படுத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். 'பேலன்ஸ்' உலகத்தில் சில தகவல்கள் எல்லோர் மனதிலிருந்தும் அழிக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பற்றி யாராவது பேசினால், விவரம் அறியாதவர் காதில் வெறும் இரைச்சல் விழும். கதாநாயகர்களுக்கு மட்டும் அல்ல, நமக்கும்தான். ஒரு பாத்திரம் அக்கறையாக எதையோ விளக்க, நம் இயர்போனில் பழைய ரேடியோவைப் போல 'கர்ர்ர்' என்ற சத்தம். முதல் தடவை ஃபைல்தான் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பிறகு கதாநாயகர்களுக்கு அந்த மறதியைப் போக்கும் மருந்து கிடைக்கிறது. அந்த நொடியிலிருந்து நமக்கும் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. உள்ளே சேர்ந்துவிட்டோம் என்று உடம்பு சிலிர்க்கும். புத்தகத்தில் இதை இவ்வளவு நேரடியாகச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. பின்னணி இசையை அமைத்ததும் கிரிஃபின்தான். கதை வளர வளர இசையும் வளர்வதைக் கேட்கலாம்.

ஒரு மினிவேன், ஒரு மாய மதுக்கடை

மெக்கெல்ராய்களுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. 2008-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு வந்தபோது பென்னி ஆர்கேட் காமிக்ஸ்காரர்களை ஆடவைத்துப் பதிவு செய்தார்கள். அதுதான் 'அக்விசிஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட்'. காமெடி எழுத்தாளர் டேன் ஹார்மன் தன் 'ஹார்மன்டவுன்' நிகழ்ச்சி மேடையிலிருந்து, இங்கே யாராவது டிஎம் இருக்கிறீர்களா என்று கேட்டார். பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து வந்தார் ஸ்பென்சர் கிரிட்டெண்டன். அன்றிலிருந்து அவர் அந்த நிகழ்ச்சியின் ஆள் ஆகிவிட்டார். 2016-ல் அந்த ஆட்டம் 'ஹார்மன்குவெஸ்ட்' என்ற அனிமேஷன் தொடராகவே ஆனது. ரசிகர் இருக்கையிலிருந்து மேடைக்கு அவ்வளவு கிட்டத்தில் படி இருக்கிறது இந்த உலகத்தில்.

2015-ல் சிகாகோவில் தொடங்கிய 'ஹலோ ஃப்ரம் தி மேஜிக் டேவர்ன்' பகடையே இல்லாத நிகழ்ச்சி. ஆர்னி என்பவர் ஒரு பர்கர் கிங் கடைக்குப் பின்னாலிருந்த வாசல் வழியாக ஃபூன் என்ற மாய உலகத்துக்குள் விழுந்துவிடுகிறார். அந்தக் கடையின் வைஃபை அங்கே மெலிதாக எட்டுகிறது. அதை வைத்து வாராவாரம் பாட்காஸ்ட் ஏற்றுகிறார்! ஒரு மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஃபூன் வாசிகளைப் பேட்டி எடுப்பதுதான் நிகழ்ச்சி. கூட இருப்பவர்கள் உருமாறும் சண்ட், மந்திரவாதி உசிடோர். உசிடோர் தன் பட்டப்பெயர்களை முழுதாகச் சொல்லி முடிக்கவே நேரம் பிடிக்கும். வருகிற விருந்தாளிகள் இம்ப்ரோவ் கலைஞர்கள். அவர்கள் வாயில் வந்த எதுவும் அந்த உலகத்தின் சட்டம். ஒருவர் உளறியதை அடுத்த வருடம் வரும் இன்னொருவர் சரித்திரமாக எடுத்துக்கொண்டு பேசுவார். தூக்கிப் போடாத ஜோக்குகளாலேயே கட்டிய ஒரு தேசம் ஃபூன்.

2019-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டாடீஸ்' எனக்கு இன்னும் நெருக்கம். நம் உலகத்து அப்பாக்கள் நாலு பேர் மினிவேனோடு மாய உலகத்தில் போய் விழுகிறார்கள். தொலைந்துபோன மகன்களைத் தேட வேண்டும். எபிசோட் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தங்கள் அப்பாப் பாத்திரத்தைப் பற்றி ஒரு புதுத் தகவல் சொல்வார்கள். பெரும்பாலும் சிரிப்புக்காகத்தான். பெத் மே ஆடும் ரான் ஸ்டாம்ப்ளர் ஒரு மாற்றாந்தந்தை. உணர்ச்சியே தெரியாத மனிதராகப் பேசுவார், கேட்டால் வயிறு வலிக்கும். ரானின் அப்பா எப்படிப்பட்டவர் என்பது போகப் போகத் தெரிகிறது. அந்த மரத்த குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபின், அதே வகை வசனத்துக்குச் சிரிக்கிறோம், அவர் தோளில் கை போடவும் தோன்றுகிறது. மகன்களைத் தேடிப் போன அப்பாக்களின் கதை, அப்பாக்களை மன்னிப்பதா வேண்டாமா என்ற கேள்வியாக மாறுகிறது. வழி முழுக்கச் சிரிப்பு குறைவதே இல்லை.

பயந்து நிற்பவர்களுக்கு

'கிரிட்டிகல் ரோல்' பற்றிச் சொல்லாவிட்டால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். தொழில்முறைக் குரல் நடிகர்கள் ஆடும் ஆட்டம். தொடக்கத்திலிருந்து பல வருடம் டிஎம்மாக இருந்தவர் மேத்யூ மெர்சர். 2015 மார்ச்சில் தொடங்கியது. 2019-ல் ஒரு அனிமேஷன் படத்துக்காக 7.5 லட்சம் டாலர் கேட்டார்கள். 88,887 பேர் சேர்ந்து 1.13 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அது 2022-ல் அமேசான் பிரைமில் தொடராக வந்தது. பிரென்னன் லீ மல்லிகன் நடத்தும் 'டைமென்ஷன் 20' நிகழ்ச்சி 2025 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கிலேயே மேடையேறியது. பகடை உருட்டுவதைப் பார்க்க அவ்வளவு பெரிய அரங்கில் கூட்டம் கூடிய நாள் அது.

ஆனால் இவற்றைப் பார்த்துவிட்டு, இப்படி நடிக்க நம்மால் முடியாது என்று ஒதுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெர்சரின் ஆட்டத்தை அளவுகோலாக வைத்து நம் மேஜையை எடைபோடுவதற்கு ஆட்டக்காரர்களிடையே 'மெர்சர் எஃபெக்ட்' என்று பெயரே உண்டு. காமெடி பாட்காஸ்ட்கள் இங்கேதான் பெரிய உபகாரம் செய்கின்றன. 'பேலன்ஸ்' தொடக்கத்தில் யாருக்கும் விதிகள் சரியாகத் தெரியாது. எந்தப் பகடையை உருட்டுவது என்று கேட்டுக் கேட்டு உருட்டுகிறார்கள். கிளின்ட் தன் பூசாரியின் மந்திரப் பட்டியலைத் தேடிக்கொண்டே இருப்பார். தெரியாதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், அதுவும் சந்தோஷமாக, என்று அந்த எபிசோட்கள் காட்டுகின்றன. என்னை மேஜைக்கு இழுத்தது அந்தத் தைரியம்தான்.

முருகேசன்

எங்கள் ஆட்டம் தமிழில் நடக்கிறது. 'அட்டாக்', 'ஸ்பெல்' போன்ற சொற்கள் அப்படியே வரும், மற்றதெல்லாம் வீட்டுப் பேச்சு. ஒருநாள் நண்பன் வீட்டில் ஆடும்போது ஒருவர் வரவில்லை. அவர் இடத்தில் நண்பனின் அம்மாவை உட்காரவைத்தோம். பாலத்தைக் காவல் காக்கும் பூதம் எதிரில் நிற்கிறது. மழை பெய்கிறது என்று டிஎம் வர்ணித்தான். நாங்கள் வாளை எடுப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, நீங்க என்ன பண்றீங்க?"

"ஏம்ப்பா, இப்பிடி மழையில நின்னுட்டிருக்கியே, சாப்ட்டியா?"

டிஎம் வாயடைத்துப் போனான். பூதத்திடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. "பெர்சுவேஷன் உருட்டுங்கம்மா" என்றான். 18 விழுந்தது. பூதம் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லம்மா" என்றது.

"பேரு என்னப்பா?"

பெயர் தயாராக இல்லை. டிஎம்மின் கண் அறையைச் சுற்றியது. சுவரில் முருகன் படம் போட்ட மாதக் காலண்டர். "முருகேசன்" என்றது பூதம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "முருகேசா, இந்தா" என்று தன் பாத்திரத்தின் பையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்.

அதன்பின் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் அம்மா கேட்பது இதுதான்: "முருகேசன் எப்பிடியிருக்கான்?" ஒரு ஜோக் கேள்வியாகத் திரும்பத் திரும்ப வந்தால் டிஎம் என்ன செய்வான்? முருகேசனை எழுதிவைத்தான். பல மாதம் கழித்து எதிரிப் படை அதே பாலத்துக்கு வந்தது. எங்கள் ஆட்கள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். பாலத்தில் முருகேசன் மட்டும். டிஎம் பகடையைத் திரைக்குப் பின்னால் உருட்டாமல் எல்லோர் பார்வையிலும் உருட்டினான். நாங்கள் அத்தனை பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றோம். 17. பாலம் நின்றது, முருகேசனும் நின்றான். போனில் அம்மாவிடம் சொன்னோம். "அவன் நல்ல புள்ளைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

காலண்டரிலிருந்து எடுத்த பெயர் அது. இன்று எங்கள் கதையில் எந்த ராஜாவைவிடவும் முருகேசன் பெரியவன். அன்று டிஎம் "அதெல்லாம் வேண்டாம்மா, சண்டை போடுங்க" என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு வெட்டுப்பட்ட பூதம் கிடைத்திருக்கும். அவ்வளவே.

எங்கே தொடங்கலாம்?

பெருங்கதை பிடிக்கும் என்றால் 'தி அட்வென்ச்சர் ஸோன்' முதல் எபிசோட். ஆரம்பம் ஒழுங்கில்லாமல் இருக்கிறது, நேராக நல்ல இடத்துக்குப் போங்கள் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். டாக்கோ பெயர் சூட்டப்படும் இடத்தில் சிரித்தவர்களுக்குத்தான் பிறகு அதன் கனம் கிடைக்கும். குடும்பத்தோடு உள்ள சிக்கல்களைச் சிரித்துக்கொண்டே பேச வேண்டும் என்றால் 'டன்ஜன்ஸ் அண்ட் டாடீஸ்'. விதிகள், பகடை எதுவும் வேண்டாம், அரட்டை போதும் என்றால் 'மேஜிக் டேவர்ன்'. மூன்றிலும் பேச்சு வேகமான அமெரிக்க ஆங்கிலம். முதல் சில எபிசோட்களுக்குக் காது பழக வேண்டும், பழகிவிடும்.

கேட்டு முடித்ததும் ஆடுங்கள். தயவுசெய்து ஆடுங்கள். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பகடைக்குப் போனில் ஆப் இருக்கிறது. டிஎம்மாக உட்காரப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு: எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். நீங்கள் ராத்திரி கண் விழித்து எழுதிய ராஜ வம்சத்து வரலாறு யாருக்கும் நினைவிருக்காது. சிரித்தது அத்தனை பேருக்கும் நினைவிருக்கும், ஏனென்றால் அதை அவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். அடுத்த கதை வேண்டும்போது அந்த நோட்டைத் திறங்கள். அதிலிருந்து ஒரு பெயரை எடுத்து, அந்த ஆளுக்கு என்ன பயம், யார் மேல் பாசம் என்று கேளுங்கள். உங்கள் கதை அங்கிருந்து புறப்படும்.